அட்டையில் இல்லாத வசனம்

அன்புள்ள சகோதரி,

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருமங்கலத்தில் ஆசிரியப் பணியில் இருக்கிறீர்கள். பதினான்கு மாதங்களுக்கு முன் உங்கள் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலற்றுப்போனது, பேச்சும் போய்விட்டது. காலையில் அவரைத் துடைத்து, உடை மாற்றி, இட்லியைப் பிசைந்து ஊட்டி, பிள்ளைகளை அனுப்பி, பள்ளிக்கு ஓடி, மாலையில் திரும்பி வந்து மறுபடியும் அதே வேலைகளைச் செய்கிறீர்கள். முழங்காலில் நின்றால் இரண்டு நிமிடத்தில் தூங்கிவிடுகிறீர்கள். வீட்டு ஜெபத்துக்கு வந்த ஒருவர், “விசுவாசம் போதவில்லை, சிஸ்டர், உபவாசித்துக் கேளுங்கள்” என்று சொல்லிப்போனார். புத்தாண்டு ஆராதனையில் உங்கள் குடும்பத்துக்கு வந்த வாக்குத்தத்த அட்டையிலோ “என் கிருபை உனக்குப்போதும்; பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்” என்ற வசனம் இருக்கிறது. “ஐயா, ஜெபிக்கப் பெலனும் இல்லை, ஜெபித்துப் பலனும் இல்லை. இந்த வசனத்துக்கு என்னதான் பொருள்? அட்டையைச் சுவரிலிருந்து எடுத்துவிடலாமா?” என்று முடித்திருக்கிறீர்கள்.

அட்டையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வசனத்துக்கு வருவோம்.

அது கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் வருகிறது. கொரிந்து சபையில் அப்போது நடந்துகொண்டிருந்தது ஒரு வகைப் போட்டி. நாவன்மை மிக்கவர்கள், தரிசனம் கண்டவர்கள், ஆள் பார்க்கக் கம்பீரமானவர்கள் ஆகியோர் வந்து தங்களை அப்போஸ்தலர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். அவர்களோடு ஒப்பிட்டபோது, பவுலின் சரீரத்தின் தோற்றம் பலவீனமானது, அவருடைய வசனம் அற்பமானது என்று சபையில் சிலர் பேசினார்கள். அதற்குப் பதில் சொல்ல வந்த பவுல், தன் பலத்தின் பட்டியலைப் போடாமல் தான் பட்ட அடிகளின் பட்டியலைப் போடுகிறார். அந்தப் பட்டியலின் முடிவில்தான் “மாம்சத்திலே ஒரு முள்” என்ற பேச்சு வருகிறது. முள் என்று நம் வேதாகமம் மொழிபெயர்த்திருக்கும் கிரேக்கச் சொல், கூராக்கப்பட்ட கழியையும் குறிக்கும். கண் நோயா, வலிப்பா, விடாத எதிரிகளா என்று இருபது நூற்றாண்டுகளாக வாதம் நடந்தும் ஒரு முடிவு கிட்டவில்லை. கிட்டாததும் நல்லதுதான் என்று நினைக்கிறேன். இன்ன நோய் என்று தெரிந்திருந்தால் அந்த நோய்க்காரர்கள் மட்டுமே இந்த வசனத்துக்குச் சொந்தம் கொண்டாடியிருப்பார்கள்.

உங்களிடம் பேசிய அந்தச் சகோதரர் கவனிக்காமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. அந்த முள் கடைசிவரை எடுக்கப்படவில்லை. கேட்டவர் விசுவாசம் குறைந்தவர் அல்லர். சபைகளை நாட்டியவர், பிறருடைய நோய்கள் தன் கையால் நீங்கக் கண்டவர். அவர் கேட்டது மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டவர் பவுல் மட்டுமல்லர். கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே மூன்று முறை ஒரே ஜெபத்தைச் சொல்லியும் பாத்திரம் நீங்கவில்லை. பவுலின் உடன் ஊழியரான துரோப்பீமு மிலேத்துவில் வியாதியாகவே விட்டுவரப்பட்டார். வயிற்றுக் கோளாறும் அடிக்கடி வரும் பலவீனங்களும் இருந்த தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியனுப்பியது கொஞ்சம் திராட்சரசம் குடி என்ற கைவைத்தியந்தான். உபவாசம் இருக்கும்படி எழுதவில்லை. ஆகவே, நோய் தீராமல் இருப்பதை வைத்து ஒரு வீட்டின் விசுவாசத்தை அளப்பது வேதாகமத்துக்குத் தெரியாத ஓர் அளவுகோல். பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்று இயேசு முகத்துக்கு நேரே சொல்லியும் இந்தக் கேள்வி நம் வீட்டு ஜெபங்களில் ஓயவில்லை.

இதை நான் சற்றுக் கடுமையாக எழுதுவதற்குச் சொந்தக் காரணம் உண்டு. ஐம்பத்திரண்டு வயதில் எனக்குத் தைராய்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. குரல்நாணுக்குப் போகும் நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டியே ஓடுகிறது. அறுவைக்குப் பின் சிலருக்கு அது சோர்ந்துவிடும். எனக்கும் அப்படியே ஆயிற்று. வேதபாடம் சொல்லியே பிழைப்பு நடத்தியவன் எட்டு மாதங்கள் காற்று மட்டும் வரும் தொண்டையோடு இருந்தேன். பார்க்க வந்த ஒரு பிரசங்கியார், நாவினால் செய்த பாவத்தை நினைத்துப் பாருங்கள் என்று என் மனைவி முன்னிலையிலேயே சொன்னார். பதில் சொல்லக் குரல் இல்லாததுதான் அன்று அவருக்குக் கிடைத்த கிருபை.

வசனத்துக்குத் திரும்புகிறேன். “கிறிஸ்துவின் வல்லமை என்மேல் தங்கும்படி” என்று ஒன்பதாம் வசனம் தொடர்கிறது. ‘தங்கும்படி’ என்ற இடத்தில் பவுல் எழுதிய கிரேக்கச் சொல்லுக்குள் ‘கூடாரம்’ என்ற சொல் ஒளிந்திருக்கிறது. கூடாரம் அடித்து மேலே தங்குதல் என்பதே அதன் நேர்ப்பொருள். எழுதியவரின் கைத்தொழில் கூடாரம் பண்ணுவது என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் பதினெட்டாம் அதிகாரம் சொல்கிறது. தன் தொழிற்சொல்லை அவர் அறியாமல் போட்டிருக்க மாட்டார். நாம் ‘பெலன்’ என்று சொல்லும்போது டானிக்கைப் போல உள்ளே இறங்கி, நரம்பை முறுக்கி, நம்மை எழுப்பி நிறுத்தும் ஒன்றையே எதிர்பார்க்கிறோம். அப்படி ஒன்றும் இறங்காதபோது, எனக்கு மட்டும் கொடுக்கப்படவில்லை என்று முடிவு செய்துவிடுகிறோம். பவுல் சொல்வது அதுவல்ல. மேலே விரிக்கப்படும் ஒன்றை அவர் சொல்கிறார்.

மதுரைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கக் கிரேக்கம் வேண்டியதில்லை. சித்திரை மாதத்தில் தல்லாகுளத்துப் பக்கம் நடந்தவர்களுக்குப் பந்தல் என்றால் என்னவென்று தெரியும். தார் உருகும் வெயிலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிற ஒரு தாய், கீற்றுப் பந்தலின் அடியில் வந்து நிற்கிறாள். அவள் உடம்பில் புதிய சத்து எதுவும் ஏறிவிடவில்லை. வெளியே வெயில் குறையவும் இல்லை. ஆனால் அந்த வெயில் அவள்மேல் விழவில்லை. அவளால் நிற்க முடிகிறது. பந்தலைத் தாங்குவது அவளுடைய கால் அல்ல. யாரோ ஊன்றிய மூங்கில்கள். “என்மேல் தங்கும்படி” என்பதை நான் இப்படித்தான் வாசிக்கிறேன். நீங்கள் பலமாக உணராமல் இருப்பது, வல்லமை உங்கள்மேல் இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது. பதினான்கு மாதமாக நீங்கள் நின்றுகொண்டிருக்கிறீர்கள். எதன் அடியில் நிற்கிறீர்கள் என்று திரும்பிப் பார்க்கத்தான் உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இந்த வசனத்தைக் காட்டி, குடித்துவிட்டு அடிக்கும் கணவனைச் சகித்துக்கொள் என்று பெண்களுக்குப் புத்தி சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். பவுல் பிரியப்படுவதாகச் சொல்லும் துன்பங்கள், கிறிஸ்துவினிமித்தம் வருபவை. பிறர் செய்யும் அக்கிரமத்துக்கு இது அனுமதிச்சீட்டு அல்ல. உங்கள் காரியம் வேறு, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

அடுத்தது, தூக்கம். முழங்காலில் தூங்கிவிடுவதைக் குற்றமாக எழுதியிருக்கிறீர்கள். எலியாவின் கதையை நீங்கள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். கர்மேல் மலையில் அக்கினி இறங்கியதோடு பெரும்பாலும் நிறுத்திவிடுவோம். அடுத்த அதிகாரத்தில் அதே மனிதர் வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். சொல்லிவிட்டுத் தூங்கிவிடுகிறார். வந்த தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, வசனமும் சொல்லவில்லை. “எழுந்திருந்து போஜனம்பண்ணு” என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. தின்று, குடித்து, எலியா திரும்பவும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் முறையும் வந்து அதையே சொன்னான். கூடுதலாகச் சொன்னது, “நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்பது மட்டுமே. ஓரேப் மலையில் தேவன் மெல்லிய சத்தத்தில் பேசியது அதற்கு நாற்பது நாள் கழித்து. முதலில் வந்தவை அடையும் தண்ணீரும் இரண்டு தூக்கமுந்தான். இந்த வரிசையை மாற்றி, சாப்பிடாமல் தூங்காமல் ஜெபித்தால் பெலன் வரும் என்று உங்களுக்கு யாராவது சொன்னால், அந்த அதிகாரத்தை எடுத்து நீட்டுங்கள். உபவாசம் நல்லது, பதினான்கு மாதமாக அரை வயிற்றோடு ஓடுகிறவருக்கு அது நல்லதல்ல.

தூக்கமே வராமலும், விடியலிலேயே அழுகை முட்டிக்கொண்டும், எதிலும் பிடிப்பில்லாமலும் வாரக்கணக்கில் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். பவுல் பிரியமான வைத்தியன் என்று அழைத்த லூக்கா கடைசிவரை அவர் கூடவே இருந்தார்; அது விசுவாசக் குறைவு என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

இப்போது ஜெபத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி இதுதான். குரல் போன எட்டு மாதமும் நான் ஆலயத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். நாற்பது வருடமாகப் பாடிய கீர்த்தனைகளில் ஒன்றைக்கூட வாயெடுத்துப் பாட முடியாது. மனதுக்குள் பாடலாமே என்பார்கள். மனமும் ஊமையாகத்தான் இருந்தது. அப்போது ஆலயத்தில் மணியடிக்கும் பெரியவர், மணி அடித்து முடித்ததும் வந்து என் பக்கத்தில் உட்காருவார். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து என் மடியில் வைத்து, பாடப்படும் வரியின் கீழே விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வருவார். கயிறு இழுத்து இழுத்துக் காய்ப்பேறிய விரல். நகத்தின் ஓரத்தில் எப்போதும் மெழுகுவர்த்தி மெழுகு ஒட்டியிருக்கும். இரண்டாவது ஞாயிறோ மூன்றாவது ஞாயிறோ பார்க்கிறேன், சபை பாடுவது ஒரு பாட்டு, அவர் விரல் போவது வேறொரு பாட்டின் கீழே. அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக் குரலும் இல்லை. அந்தத் தவறான பக்கத்தைப் பார்த்துக்கொண்டே அன்றைய ஆராதனை முழுவதும் இருந்தேன். அறுவைக்குப் பின் என்னால் ஜெபிக்க முடிந்த முதல் நாள் அது என்றே சொல்வேன், ஒரு சொல்லும் சொல்லவில்லை என்றாலும்.

அதன் பிறகுதான் பரமண்டல ஜெபத்தில் வரும் ‘எங்கள்’ என்ற சொல் எனக்கு உறைத்தது. தமிழில் நமக்கு ‘நாம்’ என்றும் ‘நாங்கள்’ என்றும் இரண்டு உண்டு. கேட்பவரைச் சேர்த்தால் நாம், விட்டால் நாங்கள். தேவனிடம் பேசுவதால் “எங்கள் பிதாவே” என்கிறோம். சரி, அந்த ‘எங்களுக்குள்’ யார் யார் இருக்கிறார்கள்? சொல்கிறவர்கள் மட்டுமா? சொல்ல முடியாமல் கடைசி பெஞ்சில் இருப்பவனும், வீட்டில் கணவருக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருப்பதால் வரவே முடியாதவரும் அதற்குள் இருக்கிறார்கள். “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்” என்று உங்கள் சபை ஒவ்வொரு ஞாயிறும் சொல்லும்போது, அந்த ஜெபம் உங்கள் பெயரிலும் ஏறிவிடுகிறது. நான்கு பேர் சுமந்துவந்த திமிர்வாதக்காரன் கதையை மாற்கு எழுதும்போது, இயேசு “அவர்கள் விசுவாசத்தை” கண்டார் என்று பன்மையில் எழுதுகிறார். படுத்திருந்தவன் ஒரு வார்த்தையும் பேசியதாக அங்கே இல்லை. பேச்சிழந்த உங்கள் கணவருக்காகவும் இதைச் சேர்த்தே எழுதுகிறேன்.

சொற்களே வராத நேரத்துக்கு ரோமர் எட்டாம் அதிகாரத்தில், நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதபோது ஆவியானவர் “வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு” வேண்டுதல் செய்கிறார் என்று இருக்கிறது. கணவரைக் கட்டிலில் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு நிமிரும்போது நீங்கள் விடும் பெருமூச்சு வேறு என்னவென்று நினைக்கிறீர்கள்? சொல்லத்தான் வேண்டும் என்றால் 88ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு வெளிச்சமும் வராத சங்கீதம் அது. கோபத்தோடும் கேள்வியோடும் அப்படியே முடிந்துவிடுகிறது. அதையும் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள்.

பலவீனத்தில் சாதித்தவர்களின் கதைகளை உங்களுக்கு நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். 1606இல் மதுரைக்கு வந்து தமிழையும் வடமொழியையும் கற்றுத் தேர்ந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நோபிலிக்கு முதுமையில் பார்வை மங்கிற்று. தான் உழைத்த மதுரையில் அல்லாமல் மயிலாப்பூரில் 1656இல் இறந்தார். டோனாவூரில் பெண் குழந்தைகளுக்காக வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் கீழே விழுந்து காலை முறித்துக்கொண்டு, 1951இல் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அறையைவிட்டு அதிகம் வெளிவராமலே வாழ்ந்தார். அந்த அறையிலிருந்து பல புத்தகங்கள் வந்தன என்பதையே எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு அதில் சிறு மனத்தாங்கல் உண்டு. புத்தகம் வராமல் போயிருந்தால் அந்த இருபது ஆண்டுகள் வீணா? அவர் படுத்திருந்தபோது குழந்தைகளைக் குளிப்பாட்டியவர்களும், அடுப்பெரித்தவர்களும், இரவில் அவர் அறைக்கு விளக்குக் கொண்டுபோனவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா? அந்த இல்லம் நின்றது அவர்கள் தோளிலும்தான். உங்கள் சோர்விலிருந்து சாட்சி சொல்லத்தக்க பெரிய காரியம் எதுவும் விளைய வேண்டியதில்லை. கணவரின் முதுகில் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, அது போதும்.

தோள் என்றதும் நடைமுறைக்கு வந்துவிடுகிறேன். அமலேக்கியரோடு யுத்தம் நடந்தபோது மோசேயின் கைகள் அசந்துபோயின. கைகளுக்குப் பலம் தாரும் என்று அங்கே யாரும் ஜெபித்ததாக இல்லை. உட்காரக் கல்லைக் கொண்டுவந்து போட்டார்கள். ஆரோனும் ஊர் என்ற பெயருடையவரும் இருபுறமும் நின்று கைகளைத் தாங்கினார்கள். உங்களுக்குக் கல்லும் வேண்டும், இரண்டு ஆளும் வேண்டும். ‘உங்களுக்காக ஜெபிக்கிறோம்’ என்று சொல்பவர்களிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்: சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை அவர் பக்கத்தில் உட்கார ஒருவர்; வாரத்தில் ஒரு நாள் இரவுச் சாப்பாடு; பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வாலிபர். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் முறை வைத்துச் செய்ய ஆள் இருப்பார்கள். அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாததால்தான் வசனம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். உங்கள் ஆயரிடம் சொன்னால், வீட்டுக்கே வந்து இருவருக்கும் நற்கருணை கொடுப்பார். அதற்காக வீட்டை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று நினைக்காதீர்கள். அப்படியே, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய அந்தத் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சையும் ஆதரவுச் சிகிச்சையும் தருவதற்கு வழி இருக்கிறது. அரசு வண்டியில் வரும் இயன்முறைச் சிகிச்சையாளரைப் பந்தலின் ஒரு மூங்கிலாக எண்ணுவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

இன்னொன்று: அடுத்த ஆண்டு எப்படி, பிள்ளையின் கல்லூரிக்கு என்ன செய்வது, நானும் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று இரவில் கணக்குப் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். வனாந்தரத்தில் மன்னா அன்றன்றைக்குத்தான் விழுந்தது. அடுத்த நாளுக்கென்று எடுத்துவைத்தது புழுத்து நாற்றமெடுத்தது. சேமிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, உங்கள் சம்பளத்தில் அது எவ்வளவு பாடு என்று தெரியும். பெலனை மட்டும் அப்படிச் சேமிக்க முடியாது. அடுத்த ஆண்டுக்குரிய பெலனை இன்றிரவு தேடினால் கிடைக்காது. கிடைக்காததைக் கண்டு தேவன் கைவிட்டார் என்று எண்ண வேண்டாம். இன்று ஒரு நாளுக்குக் கேளுங்கள். அதுவும் பெரிதாகத் தெரிந்தால், கணவரை மதியம் வரை பார்த்துக்கொள்ளும் பெலனை மட்டும் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வராததைப் பற்றி யாராவது கேட்டால், நான் போக வேண்டாம் என்று சொன்னதாகச் சொல்லிவிடுங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒருவரைக் கணவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுத் தூங்குங்கள்.

அட்டையை எடுக்க வேண்டாம். அச்சடித்தவர்கள் ஒன்பதாம் வசனத்தை, அதிலும் பாதியை மட்டும் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் அது உங்களைக் குத்துகிறது. ஒரு பேனாவை எடுத்து, அந்த வரிக்கு மேலே இருக்கும் இடத்தில் எட்டாம் வசனத்தை உங்கள் கையால் எழுதிவிடுங்கள்: “அது என்னைவிட்டு நீங்கும்படிக்கு, நான் மூன்றுதரம் கர்த்தரிடத்தில் வேண்டிக்கொண்டேன்.”